கடனுக்கு ஒரு கடைசி நாள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம் வட்டிக்கு வாங்கிய கடன் முடிந்துவிட்டது என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று உண்டு. புரோநோட்டு திரும்பக் கைக்கு வரும். கடன் கொடுத்தவர் பீரோவையோ டிரங்குப் பெட்டியையோ திறந்து, நான்காக மடித்துப் பழுப்பேறிப்போன தாளை எடுத்துப் பிரித்துக் காட்டுவார். கீழே ரெவின்யூ ஸ்டாம்பு, அதன்மேல் குறுக்காக விழுந்த கையெழுத்து. பின்பக்கத்தில் தேதி போட்டு வரவு வைத்த வரிகள்: வட்டி வகையில் இவ்வளவு, அசல் வகையில் இவ்வளவு. கடைசி வரவையும் எழுதிய பிறகு, ஸ்டாம்போடு சேர்த்துக் கையெழுத்து இருக்கும் பகுதியைக் கிழித்துவிட்டு மிச்சத் தாளைக் கொடுப்பார். அந்தக் கிழிசலையும் கேட்டு வாங்கி வருகிறவர்கள் உண்டு. வீட்டில் காட்டிவிட்டு அடுப்பில் போடுகிறவர்கள் உண்டு. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பவர்களும் உண்டு. எதைச் செய்தாலும் அன்று இரவு அந்த வீட்டில் தூக்கம் வரும்.

இதைச் சொல்வதால் வட்டிக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் மூணு வட்டி. ஐந்து என்றால் அஞ்சு வட்டி. அவசரத்துக்குப் பத்து வட்டிக்கு வாங்கி, ஆறே மாதத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகக் கொடுத்தவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. தொகை எழுதாத வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு இஷ்டத்துக்கு நிரப்பிய கொடுமையும் நடந்திருக்கிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் என்று எல்லோரும் சொல்கிற 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வரையறுக்க வேண்டியிருந்தது என்றால், அத்தனை வகையும் இங்கே புழக்கத்தில் இருந்தன என்றுதானே பொருள்? அந்தச் சட்டம் வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. நான் பேச வருவது வேறு. அவ்வளவு கொடிய கடனிலும், முடிக்க வேண்டும் என்று பணத்தோடு போய் நின்றால், "இன்றைய தேதிக்கு இவ்வளவு, இதைக் கொடுத்தால் தீர்ந்தது" என்று ஒரு தொகையைச் சொல்லும் ஆள் எதிரே இருந்தார். அந்தத் தொகை அநியாயமாக இருக்கலாம். ஆனால் ஒரு தொகை இருந்தது.

எங்கள் பகுதி இளைஞர் ஒருவரின் கிரெடிட் கார்டுக் கணக்கை உட்கார்ந்து பார்க்க நேர்ந்தபோதுதான் அந்தத் தொகையின் அருமை எனக்கு உறைத்தது. ஓசூரில் கம்பெனி வேலை. தங்கை கல்யாணத்தில் கார்டின் லிமிட் முழுவதையும் தேய்த்துவிட்டு, அதன் பிறகு மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டி வந்தவர். அப்பா தக்காளி விவசாயி. ஒரு பருவம் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தது. அவர் மகனிடம் பணத்தைக் கொடுத்து, "முதல்ல அந்தக் கார்டுக் கடனைத் தீர்த்துட்டு வா" என்றார். மகனும் ஸ்டேட்மென்ட்டில் இருந்த மொத்தத் தொகையை, ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல், கெடு தேதிக்கு முன்பே கட்டினார். கார்டைக் கத்தரியால் வெட்டினார். அடுத்த மாதம் மறுபடியும் ஒரு பில் வந்தது.

"முழுசா கட்டிட்டேனே அண்ணா, இது எங்கிருந்து வந்துச்சு?" என்று அவர் கேட்டார். மோசடியோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. மோசடி இல்லை. வங்கியின் கணக்குப்படி அது சரியான தொகைதான். அது சரியான தொகையாக இருப்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

நடப்பது இதுதான். கார்டில் வாங்கிய பொருளுக்கு 45, 50 நாள் வரை வட்டி இல்லை என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தச் சலுகை முந்தைய பில்லை முழுக்கக் கட்டியவருக்கு மட்டும். ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால் சலுகை போய்விடும். அதன் பிறகு பாக்கித் தொகைக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும். அந்த மாதம் புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே ஏறும். பில் போடும் தேதி 5, கெடு தேதி 25 என்று வைத்துக்கொள்வோம். 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் 40,000 ரூபாய் என்று இருக்கிறது. அது 5ஆம் தேதி வரைக்குமான கணக்கு. நீங்கள் 23ஆம் தேதி 40,000த்தையும் கட்டுகிறீர்கள். இடையில் 18 நாள் ஓடிவிட்டது. மாதம் 3.5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 42. நாள் ஒன்றுக்கு 46 ரூபாய் சொச்சம். 18 நாளுக்கு 828. கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு உண்டு என்பதால் மேலும் 149. ஆக, விட்ட பைசாக்களையும் சேர்த்தால் 978 ரூபாய். இது நீங்கள் கையில் வைத்திருந்த ஸ்டேட்மென்ட்டில் இருக்க வழியில்லை, ஏனென்றால் அது அச்சானபோது அந்த நாட்களே பிறக்கவில்லை. அடுத்த மாதம் 5ஆம் தேதிதான் வெளியே தெரியும். (சாதாரணக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அவசரத்துக்குக் கடன் பட்டவன் கட்டுகிற வட்டியின் மேல் அரசும் ஒரு கை வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.)

மினிமம் கட்டுவதன் கணக்கையும் இதோடு சொல்லிவிடுகிறேன். மினிமம் தொகை பெரும்பாலும் பாக்கியில் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். 40,000 பாக்கிக்கு 2,000 கட்டுகிறீர்கள். அந்த மாத வட்டி 1,400, அதன் வரி 252. அசலில் கழிவது 348 ரூபாய். மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று எவராவது வீட்டு வாசலில் வந்து நின்றால் நம் பெண்கள் விரட்டியடிப்பார்கள். அதே வட்டி பிளாஸ்டிக் அட்டையில் வந்தபோது அதற்கு லிமிட் என்று பெயர், ரிவார்டு பாயின்ட் என்று பெயர். 2022 செப்டம்பருக்குப் பிறகு ரூபே கார்டை யூபிஐயில் இணைத்துக் கடையில் ஸ்கேன் செய்யவும் வழி வந்துவிட்டது. பாலக்கோட்டுக் கடைத்தெருவில் மளிகைக்கும் மருந்துக்கும் செல்போனை நீட்டுகிறவர், தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறாரா கடன் வாங்கிக் கொடுக்கிறாரா என்பது அவர் திரையைத் தொடுகிற விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த 978 ரூபாய்க்கு வருகிறேன். கார்டை வெட்டிப்போட்டவர் அடுத்த மாத மின்னஞ்சலைத் திறந்து பார்க்க மாட்டார். கடன் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் இருப்பவருக்கு அதைத் திறக்க என்ன காரணம்? கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால் தாமதக் கட்டணம் விழும், அதற்கும் வரி. கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் தவணை தவறியவர் என்று பதிவாகும். அதில் 300இலிருந்து 900 வரை போகும் மதிப்பெண் சரியும். பிறகு ஒரு நாள் டிராக்டர் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ போகும்போது மேலாளர் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். 40,000 ரூபாயை ஒழுங்காகக் கட்டியவர், தான் அறியாத 978 ரூபாய்க்காகக் கடன் செலுத்தாதவர் வரிசையில் நிற்பார்.

கணக்கை மூடுவதற்கு விதி இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21இல் வெளியிட்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறைகளில், கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது. தபாலில்தான் விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று அலைக்கழிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. கட்டாத கட்டணத்தின் மேலும் வரியின் மேலும் வட்டி ஏற்றக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். கேட்காமல் கார்டை அனுப்பிக் கட்டணம் பிடித்தால், பிடித்ததைத் திருப்பித் தந்து அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் கட்ட வேண்டும். நல்ல விதிகள்தான், இவற்றை எழுதியவர்களுக்கு வாடிக்கையாளர் படும் பாடு தெரிந்திருக்கிறது. ஆனால் 7 நாள், 500 ரூபாய் என்ற இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: கணக்கில் பாக்கி இருக்கக் கூடாது. இன்னும் பில்லில் ஏறாத வட்டி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது பாக்கி இல்லை என்று யார் சொல்வது? அந்த இளைஞர் கார்டை மூடச் சொல்லிக் கேட்டதும் இந்தப் பாக்கியில்தான் நின்றது, இந்த விதியும் அங்கேதான் நின்றது.

அவருடைய அப்பா இந்தப் பேச்சையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன்பா, கட்டுற அன்னைக்கே மொத்தம் எவ்வளவுன்னு கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.

"கேட்டேன்பா. ஸ்டேட்மென்ட்ல இருக்கறதைக் கட்டுங்க சார்னுதான் சொன்னாங்க."

"வாங்கிக்கிற பணம் எவ்வளவுன்னு சொல்லத் தெரியாதவன் எப்படிப்பா கடன் குடுக்குறான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இதைவிடச் சரியாக யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை. ஏனென்றால் எவ்வளவு என்பது வங்கிக்குத் தெரியும். தினமும் இரவு வட்டியைக் கூட்டுகிற கணினிக்கு இன்று மாலை எவ்வளவு என்று சொல்ல ஒரு நொடி போதும். இதே பாலக்கோட்டில் எந்த வங்கியிலும் நகைக்கடன் பிரிவில் போய் நின்று பாருங்கள். ரசீதைக் கொடுத்தால், கவுன்டரில் இருப்பவர் கணினியைத் தட்டி, இன்றைய தேதிக்கு அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்வார். பணத்தைக் கட்டினால் உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வருவார்கள். முத்திரை பிரித்து, சங்கிலியும் தோடும் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டு வரலாம். அதற்குப் பின் அந்தக் கடனுக்கு வட்டி என்று ஒரு காகிதமும் வீடு தேடி வராது. வட்டி நாள் கணக்கில்தான் அங்கேயும் ஓடுகிறது. பணம் கட்டிய நாளில் நிறுத்தத் தெரிந்திருக்கிறது.

கார்டில் அப்படி நிறுத்தாததற்குக் காரணம் கடனின் அமைப்பிலேயே இருக்கிறது. 1958 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபிரெஸ்னோ என்ற ஊரில், பேங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் விண்ணப்பித்துப் பெற்றவை அல்ல. அப்படிப் பரவிய இந்தக் கடன் வகை மற்றக் கடன்களைப் போல் ஒரு தொகையில் தொடங்கி ஒரு தேதியில் முடிவதல்ல. கட்டினால் மறுபடி எடுக்கலாம். எடுத்தால் மறுபடி கட்டலாம். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். சுழன்றுகொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்ட கடன். முடிப்பது என்ற செயலுக்கு அதில் தனியாக ஓரிடம் ஒதுக்கப்படவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பில் போடும் இயந்திரம், நீங்கள் போய்விட்ட பிறகும் ஒரு சுற்று ஓடித்தான் நிற்கிறது.

இந்த மாதச் சுற்று சம்பளக்காரர்களுக்காக வெட்டிய அளவு. பாலக்கோட்டுப் பணம் மாதாமாதம் வருவதில்லை. தக்காளி விற்றால் வரும், மாங்காய் விற்றால் வரும், கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பினால் வரும். அதிலும் தக்காளி இருக்கிறதே, 2023 ஜூலையில் சில்லறையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வேறு பருவங்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள், மாட்டுக்குப் போடுகிறார்கள். அதிகாலையில் மண்டிக்குப் போன பெட்டிகளுக்குக் கையில் கிடைப்பது ஒரு துண்டுச் சீட்டு. பெட்டி இவ்வளவு, விலை இவ்வளவு, கமிஷன், கூலி, ஏற்கெனவே வாங்கிய முன்பணத்தில் கழித்தது, போக மிச்சம். அந்தச் சீட்டைப் பற்றியும் மண்டியைப் பற்றியும் விவசாயிகளுக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் அன்றன்றைய கணக்கு அன்றன்றைக்கே கண்ணுக்குத் தெரிகிறது.

கரும்புக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது என்பதால் கரும்புப் பாக்கியைப் பற்றி இங்கே யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறதென்றால், கரும்பு வாங்கிய ஆலை 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் அந்த நாட்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ ஆலைகளின் வாசலில் விவசாயிகள் பாக்கி கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அசல் வந்தால் போதும் என்று அந்த வட்டியைக் கேட்காமலே விட்டவர்கள் ஏராளம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விவசாயிக்கு வர வேண்டிய பணம் தாமதமானால் 15 விழுக்காடு, அதுவும் போராடினால்தான். விவசாயி மகன் தர வேண்டிய பணம் தாமதமானால் 42 விழுக்காடு, யாரும் கேட்காமல் கணினியே கூட்டிக்கொள்ளும், 18 நாளையும் விடாமல். நாளைக் கணக்கிடுவதில் உள்ள இந்த வேறுபாட்டை எந்தப் பொருளாதார விளக்கத்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கடனுக்கு முடிவு வேண்டும் என்று சட்டமே முன்வந்து சொன்ன காலமும் இந்த மண்ணுக்கு உண்டு. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். பாலக்கோடு அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2இல்தான். ராஜாஜியின் அரசு 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் விவசாயி வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலை மட்டும் கட்டினால் போதும். அதைவிட முக்கியமான ஒரு பிரிவும் இருந்தது. அப்படிப்பட்ட கடனில் அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், அசலும் சேர்த்துக் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். அந்த 1937 அக்டோபர் 1ஆம் தேதிதான் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கும் தொடங்கியது. கள்ளுக்கடையையும் கடன்காரனையும் ஒரே தேதியில் நினைத்துப் பார்த்த அரசு அது.

அந்தச் சட்டத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. கடன் கொடுக்க ஆளில்லாமல் போகும் என்றார்கள். சில வகைக் கடன்களுக்கு விலக்கும் இருந்தது. அதன் பலன்களைப் பற்றி இருதரப்பிலும் வாதங்கள் உண்டு. எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான்: எவ்வளவு கட்டினால் தீரும் என்ற கேள்விக்கு ஓர் எல்லையை, எழுத்தறியாத ஒருவரும் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய எல்லையை, அது வகுத்தது. வாங்கியதைப் போல் இரண்டு பங்கு. அதற்கு மேல் எவனும் வாசலில் வந்து நிற்க முடியாது.

இன்றைக்கு அந்த எல்லை வங்கிகளுக்குப் பொருந்தாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21அ பிரிவு, வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கடனை எந்த நீதிமன்றமும் மறுபரிசீலனை செய்ய முடியாது என்கிறது. கார்டு வட்டியைக் கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். ஆவாஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலை 7 அன்று, கெடுவில் முழுத் தொகையைக் கட்டாத கார்டுதாரர்களிடம் ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 16 ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று நீதிபதிகள் பேலா திரிவேதியும் சதீஷ் சந்திர சர்மாவும் அந்தத் தீர்ப்பை நீக்கினார்கள். வட்டி வரம்பு விதிப்பது ரிசர்வ் வங்கியின் வேலை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை நுகர்வோர் ஆணையம் திருத்தி எழுத முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு, தான் கட்டி முடிக்கும் நாளில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியாமல் போகும் என்பது தெரிந்திருந்ததா? அதைச் சொல்லும் வரி, நெறிமுறைப்படி தர வேண்டிய முக்கிய நிபந்தனைகள் தாளில், வட்டி கணக்கிடும் முறைக்கு ஓர் உதாரணமாக, பொடி எழுத்தில் எங்கோ இருக்கும். ஓசூர் பேருந்தில் நின்றுகொண்டே செல்போனில் ஒப்புதல் கொடுத்த பையன் அதைப் படித்திருப்பான் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிற யாரோ ஒருவர் அடுத்த வாரம் கார்டை மூடப் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்பு கஸ்டமர் கேரில், பில்லில் ஏறாத வட்டியும் வரியும் சேர்த்து இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்; பதில் மின்னஞ்சலில் வேண்டும் என்று சொல்லுங்கள். கார்டில் இஎம்ஐ ஏதாவது ஓடினால் அதை முன்கூட்டி முடிக்கத் தனிக் கட்டணம் இருக்கலாம், அதையும் சேர்த்துக் கேளுங்கள். செல்போன் ரீசார்ஜ், சினிமாச் சந்தா என்று மாதாமாதம் தானாகப் பிடிக்கிற எதுவும் அந்தக் கார்டில் இருக்கக் கூடாது. தொகையைக் கட்டிய பிறகும் கார்டை வெட்ட அவசரப்படாமல் அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்வரை பொறுங்கள். அதில் பூஜ்யம் என்று வந்த பிறகு மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கட்டியிருந்தால் அந்தப் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். அங்கே "மூடப்பட்டது" என்று இருக்க வேண்டும். தொகையைக் குறைத்துப் பேசி முடித்தால் "செட்டில்டு" என்று விழும்; அது வேறு, அது பல ஆண்டு உங்களைத் தொடரும். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுமைக்கும் ஒரே திட்டம், கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இவ்வளவையும் அந்த இளைஞர் செய்தார். மறுபடி வந்த பில்லையும் கட்டினார், கடிதமும் வந்தது. அவருக்குப் படிப்பு இருந்தது, கேட்டுச் சொல்ல ஆள் இருந்தது. கடனை முடிக்க விரும்புகிறவர் இத்தனை படி ஏற வேண்டும் என்று இருப்பதே தவறு என்று நினைக்கிறேன். கடன் வாங்க இரண்டு நிமிடம், முடிக்க இரண்டு மாதம் என்பதை எந்தத் தொழில்நுட்பக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம்கூட இல்லை. வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்கப் போனால் வங்கி ஒரு கடிதம் தருகிறது: இந்தத் தேதி வரை கட்டினால் இவ்வளவு, அதற்குப் பிறகு நாள் ஒன்றுக்கு இவ்வளவு கூடும். கட்டி முடித்து 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று 2023 செப்டம்பர் 13இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அதே மாதிரி ஒரு கடிதத்தைக் கார்டுக்கும் கட்டாயமாக்கலாம். செயலியிலேயே ஒரு பொத்தானாக வைக்கலாம்: கணக்கை முடிக்க இன்று கட்ட வேண்டிய தொகை. அந்தத் தொகை வந்து சேர்ந்த நொடியிலிருந்து வட்டி நிற்க வேண்டும், அதை விடக் கூடுதலாக ஏதேனும் கணக்கில் விட்டுப்போயிருந்தால் அது வங்கியின் நஷ்டமாகப் போக வேண்டும். மூட வேண்டும் என்ற விண்ணப்பமும் அந்தப் பொத்தானோடு சேர்ந்தே பதிவாகி, 7 வேலை நாள் அன்றே ஓடத் தொடங்க வேண்டும். திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டது இவ்வளவுதான்.